மூணு டிகிரி போதாதா சார்?

போன மாதம் லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தபோது நம்மூர் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருடம் ஆனவர், சங்கத்துப் பொங்கலுக்குப் பொறுப்பாகப் பந்தி பார்ப்பவர். நல்ல மனிதர். ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"என்ன சார், உங்க மேசன் லாட்ஜுல மூணே டிகிரிதான்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நாலாவதா ஒண்ணு இருக்காமே? அதுக்கு அந்தத் தம்பி ஃபாரம் கொண்டாந்தா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்களாமே? மூணு போதும்னா நீங்க மட்டும் எதுக்கு நாலாவது வாங்கினீங்க?"

பையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே "அப்புறம் சொல்றேன் சார்" என்று நழுவிவிட்டேன். இந்தப் பதிவுதான் அந்த 'அப்புறம்'. அவர் மட்டும் கேட்டிருந்தால் வாயால் சொல்லி முடித்திருப்பேன். அந்தத் தம்பி வீட்டிலிருந்து இந்தப் பொங்கலுக்கு யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தவர்கள். குழந்தைகள் இரண்டும் எங்கள் வீட்டு ஊஞ்சலில்தான் வளர்ந்தன. தங்கமணிக்கு என்மேல் கோபம். "உங்க லாட்ஜு சண்டையில எங்க உறவு ஏன் போகணும்?" என்கிறார். நியாயம்தானே?

டிஸ்கி: கை குலுக்கும் முறை, ரகசியச் சொல், சைகை இதெல்லாம் எழுதமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். மற்றபடி கீழே இருப்பதெல்லாம் இங்கிலாந்தில் அச்சடித்து விற்கிற சமாசாரம்தான். "உலகத்தை ஆள்பவர்கள் நீங்கள்தானே" என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் லாட்ஜில் ஒழுகுகிற கூரையை மாற்ற நாலு வருடம் கூட்டம் போட்டிருக்கிறோம். உலகம் அதற்கப்புறம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கும்பகோணத்துக்காரனுக்கு டிகிரி என்றால் காபிதான். மேசன்களுக்கு அது படி. முதல் படி கற்றுக்குட்டி, இரண்டாவது சக தொழிலாளி, மூன்றாவது மாஸ்டர் மேசன். கல் தச்சர்களின் தொழில் வரிசையை எடுத்து, அதில் ஒழுக்கப் பாடம் ஏற்றிய நாடகங்கள் இவை. இந்த மூன்றும் கிராஃப்ட் எனப்படும். மாஸ்டர் மேசனுக்கு மேலே எதுவும் கிடையாது. முப்பத்து மூணாவது டிகிரி என்று படங்களில் காட்டுகிறார்களே, அது ஸ்காட்டிஷ் ரைட் என்னும் வேறொரு அமைப்பின் எண்ணிக்கை. அதை வைத்திருப்பவர் என்னைவிட முப்பது மடங்கு மேசன் அல்ல. பக்கத்துத் தெருவிலும் ஒரு வீடு வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்துத் தெரு வீடுகள் ஏராளம். ராயல் ஆர்ச், மார்க், ராயல் ஆர்க் மேரினர் (நோவாவின் கப்பல் கதை, ஏப்ரனில் வானவில் கலரில் ரிப்பன், நிஜமாகவே அழகாக இருக்கும்), டெம்ப்ளர், ரோஸ் குரோய் என்று பட்டியல் நீளும். கடைசி இரண்டும் இங்கிலாந்தில் திரித்துவத்தை ஏற்கும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும். கிராஃப்டில் எல்லா மதத்தாரும் ஒன்று என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டுவது எந்த ஊர் நியாயம் என்று பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். "அது வேற ஆர்டர், பிரதர்" என்பார்கள். எங்கள் லாட்ஜில் கீதை, குர்ஆன், பைபிள், ஜெண்ட் அவெஸ்தா, குரு கிரந்த சாகிப் எல்லாம் ஒரே மேஜையில் இருக்கின்றன. அந்த மேஜையைப் பார்த்துத்தான் நான் உள்ளே போனேன்.

நான் வாங்கிய நாலாவது, மார்க் மாஸ்டர் மேசன். அதற்கு மதத் தடை கிடையாது. மாஸ்டர் மேசன் ஆன எவரும் கேட்கலாம்.

அதில் என்ன கிடைக்கும்? தம்பியிடம் லாட்ஜில் ஒரு பெரியவர் சொன்னது இது: "மார்க் இல்லாம நீ முழு மேசன் இல்லப்பா." இந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. இது பொய். விற்பதற்காகச் சொல்லும் பொய்.

சரித்திரத்தைப் பாருங்கள். மார்க் டிகிரி கொடுத்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் முக்கியமானது 1769 செப்டம்பர் 1, போர்ட்ஸ்மத் துறைமுக நகரம். தாமஸ் டங்கர்லி என்பவர் அங்கே சில மேசன்களை மார்க் ஆட்களாகவும் மார்க் மாஸ்டர்களாகவும் ஆக்கினார், ஆளுக்கொரு குறி எடுத்துக்கொண்டார்கள். அப்போது இங்கிலாந்தில் இரண்டு கிராண்ட் லாட்ஜ்கள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. 1813-ல் சமாதானமாகி ஒன்றானபோது, சுத்தமான பழைய மேசனரி மூன்று படிகள்தான், ராயல் ஆர்ச் அதில் அடக்கம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மூன்று என்றும் சொல்லி நாலாவதையும் உள்ளே தள்ளிய சாமர்த்தியத்தைக் கவனியுங்கள், நம்மூர்க் கூட்டணி ஒப்பந்தம் மாதிரி! அந்த ராயல் ஆர்ச்சைக் கூட மூன்றாவது படியின் நிறைவு என்று ரொம்ப காலம் சொல்லிவிட்டு, 2003 டிசம்பரில் இல்லை, அது நீட்சி மட்டுமே, உயர்ந்ததுமல்ல தாழ்ந்ததுமல்ல என்று இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜே மாற்றிக்கொண்டது.

மார்க்குக்கு 1813-ல் அந்த இடமும் கிடைக்கவில்லை. 1856 மார்ச்சில் அதே கிராண்ட் லாட்ஜ், மார்க் இரண்டாவது படிக்கு ஓர் அழகான கூடுதல் என்று ஒப்புக்கொண்டது. ஜூனில் அடுத்த கூட்டம் வந்தது, அந்தத் தீர்மானத்தை உறுதி செய்ய மறுத்துவிட்டார்கள். மூன்றே மாதம்! ஒதுக்கப்பட்டவர்கள் அதே மாதம் லீ பிரபுவைத் தலைவராக்கித் தனிக் கிராண்ட் லாட்ஜ் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிராண்ட் லாட்ஜ் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்திலோ மார்க்கைச் சாதாரண கிராஃப்ட் லாட்ஜிலேயே கொடுக்கிறார்கள். இந்தியாவில் 1961 நவம்பர் 24 அன்று, ராம்பூர் நவாப் தலைமையில் நமக்கென்று கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா வந்தது. இங்கேயும் மார்க்குக்குத் தனி அமைப்புதான்.

ஆக, இது இல்லாமல் முழுமை இல்லை என்றால் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜே அரைகுறை என்றாகிவிடும். அதைச் சொல்லும் தைரியம் அந்தப் பெரியவருக்கு இருக்கிறதா? இல்லை. புதுசாக வந்த பையனிடம் சொல்லத்தான் தைரியம்.

"அப்ப நீ ஏன் வாங்கினே?" வருகிறேன்.

2014-ல் எனக்கு வேலை போனது. பாலம், மேம்பாலம் வடிவமைக்கும் வேலை. பதினேழு வருடம் இருந்த கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு, உங்கள் அனுபவம் எங்கள் இன்றைய தேவைக்குப் பொருந்தவில்லை என்றார்கள். நாற்பத்தாறு வயது, மகள் பத்தாம் வகுப்பு, வீட்டுக் கடன் பாக்கி. ஊரில் அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி டாகுரியா ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இதைப் படிக்கிற சிலருக்கு அந்த பெஞ்சு தெரிந்திருக்கும், வேறு ஊரில், வேறு ஏரிக்கரையில்.

எட்டு மாதம் கழித்து ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அந்த இடைவெளியில் லாட்ஜில் வேலை தேடித் தருவார்களா என்று கேட்டீர்களானால், இல்லை. ஆதாயத்துக்காகச் சேரவில்லை என்று முதல் நாளே சொல்லவைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அதற்காகவே சேர நினைப்பவர்கள் அந்தச் சந்தாவை எல்.ஐ.சி.யில் போடலாம். நான் மூன்று மாதம் சந்தா கட்டாதபோது ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் எனக்குச் சொல்லாமலே கட்டியிருந்தார். அது பின்னால்தான் தெரிந்தது. அவர்தான் 2015-ல் என்னை மார்க்குக்கு அழைத்தார். "உனக்கு இப்போ பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார், வங்காளத்தில். ஐந்து வருடம் முன்பே நான் கேட்டிருந்தேன். அப்போது வேண்டாம் என்றவரும் அவரேதான்.

கதை இதுதான். சாலமோன் ராஜாவின் கோயில் கட்டுமானம். தொழிலாளிகள் கல் கொண்டுவந்து மேற்பார்வையாளர்களிடம் காட்ட வேண்டும். மூன்று மேற்பார்வையாளர்கள். ஒருவன் கொண்டுவரும் கல் சதுரமும் இல்லை, நீள்சதுரமும் இல்லை. அவர்கள் கையில் இருக்கும் வரைபடத்துக்குப் பொருந்தவில்லை. வேலை சுத்தம், ஆனால் எங்களுக்கு உதவாது என்று குப்பை மேட்டில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு வளைவு கட்டி முடிக்கும் நேரத்தில் உச்சிக்கல்லைக் காணோம். தேடுகிறார்கள். அது குப்பையில் கிடக்கிறது.

அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மேஜைகள் முன்னாலும் போய் நின்றவன் நான். மூன்றாவது ஆள் தலையசைத்து மறுத்தபோது, அது நாடகம் என்று தெரிந்தும், தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை மதியம்.

இங்கேதான் நான் மற்ற மார்க் மேசன்களோடும் மோத வேண்டியிருக்கிறது. 'உலகம் உன்னை ஒதுக்கினாலும் நீதான் உச்சிக்கல்' என்று இதை ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாக மாற்றிவிடுகிறார்கள். வேலை போன ஒவ்வொருவனும் தன்னை உச்சிக்கல் என்று நினைத்துக்கொள்வதற்கு டிகிரி எதற்கு? ரெண்டு கட்டிங் போதுமே! தொழில்ரீதியாகவும் இது தப்பு. வளைவில் ஆப்பு மாதிரிச் செதுக்கிய ஒவ்வொரு கல்லும் பாரம் சுமக்கிறது. எந்தக் கல்லை உருவினாலும் மொத்தமும் இறங்கிவிடும். உச்சிக்கல்லுக்குத் தனி வலிமை எதுவும் இல்லை. அது கடைசியில் வருகிறது, அது வந்த பிறகுதான் கீழே முட்டுக்கொடுத்த சாரத்தை எடுக்க முடியும், அவ்வளவுதான் அதன் பெருமை. அதுவரை மற்ற எல்லாக் கற்களும் காத்திருக்கின்றன, சாரத்தின்மேல். என் வீட்டில் எட்டு மாதம் சாரமாக நின்றது யார் என்று எனக்குத் தெரியும். டியூஷன் எடுத்து, ரேஷன் கணக்குப் பார்த்து, அப்பாவிடம் போனில் பொய் சொல்லி... எந்த லாட்ஜும் அவருக்கு ஏப்ரன் கட்டவில்லை.

(பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 1893-லேயே பாரிஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்த மேசனரி வந்துவிட்டது. 1902-ல் அன்னி பெசன்ட் அதில் சேர்ந்தார். நம் வழியில் இன்றும் இல்லை. தங்கமணி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன்.)

எனக்கு மார்க்கில் நிஜமாகக் கிடைத்தது கதையின் இந்தப் பாதி அல்ல, மற்ற பாதி. குறி.

மார்க்கில் சேரும் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறி தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெரும்பாலும் நேர்கோடுகள், உளியால் வெட்ட வசதியாக. அந்தக் குறி எதற்கு? கூலிக்கு. எத்தனை கல் வெட்டினான் என்று எண்ணுவதற்கு. கல் கோணலாக இருந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதற்கும். இரண்டும் ஒரே குறிதான். கூலி வாங்கும்போது காட்டிவிட்டு, குறை வரும்போது மறைக்க முடியாது.

சேர்ந்த மறு வருடம் போபாலில் இருக்கும் மச்சினர் வீட்டுக்குப் போனபோது போஜ்பூர் பார்த்தோம். போபாலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். பதினோராம் நூற்றாண்டில் போஜ ராஜா கட்ட ஆரம்பித்து முடியாமல் நின்றுபோன சிவன் கோயில். லிங்கம் பிரம்மாண்டம். ஆனால் நான் பார்த்துக்கொண்டு நின்றது சுவரை. அந்தக் கோயிலில் கல் தச்சர்களின் குறிகள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. சுற்றியிருக்கும் பாறைகளில் கட்டட வரைபடங்களையே கீறி வைத்திருக்கிறார்கள். சாலமோனும் வேண்டாம், லண்டனும் வேண்டாம், இதோ கூலிக்காரன் கையெழுத்து! கோயில் முடிந்திருந்தால் மெருகு போடும்போது பல குறிகள் அழிந்திருக்கலாம் என்று தோன்றியது. அரைகுறையாக நின்றதால் அந்த ஆட்கள் பிழைத்தார்கள்.

என் குறியைக் காகிதத்தில் போட்டுத் தங்கமணியிடம் காட்டினேன். "இது துணியில போடுற சலவைக் குறி மாதிரியில்ல இருக்கு" என்றார். பிறகு பரணிலிருந்து ஒரு பித்தளைக் குண்டானை இறக்கினார். அவர் பாட்டி சீர். அடியில் பாட்டி பெயர், தேதி, ஊர் மூன்றும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கல்யாண வீடுகளுக்கு இரவல் போய்ப் போய்த் திரும்பி வந்த பாத்திரம். "பேர் வெட்டினாத்தானே திரும்பி வரும்" என்றார்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். அவன் மூன்றாவது படி முடித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையில் இரண்டு ஃபாரம், மார்க்குக்கு ஒன்று, ராயல் ஆர்ச்சுக்கு ஒன்று. இங்கிலாந்து விதிப்படி ராயல் ஆர்ச்சுக்கு நான்கு வாரம் போதும், தெரியும். கிப்ளிங்கூட லாகூரில் 1886-ல் இருபத்தோரு வயது நிறையும் முன்பே அனுமதி வாங்கிச் சேர்ந்து, மறு வருடமே மார்க் வாங்கிவிட்டார். விதி தடுக்கவில்லை, நான்தான் தடுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், தனி ஏப்ரன், வருடச் சந்தா, கூட்டத்துக்குக் கூட்டம் சாப்பாட்டுப் பணம். மாதத்தில் மூன்று சனிக்கிழமை மாலை. அவன் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், ஊரை விட்டு வந்து பாஷை இன்னும் பிடிபடாத மனைவி. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். "அண்ணா, சீக்கிரம் முழுசாயிடணும்" என்றான்.

முழுசு! யார் இவனை அரைகுறை என்றது? ஆபீஸில் மேனேஜர் சொல்லியிருப்பான். இந்தி சரியாக வராததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். ஊரில் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். வெளியூரில் வாழ்கிறவனுக்கு இது பழைய வியாதி, எனக்கும் இருந்தது. சான்றிதழ் மேல் சான்றிதழ் சேர்ப்போம், எம்.பி.ஏ., பி.எம்.பி., ஜெர்மன் லெவல் டூ... அந்த வியாதிக்கு மருந்தாக லாட்ஜ் இன்னொரு சான்றிதழை விற்கக்கூடாது என்றுதான் நான் சண்டை போடுகிறேன். ஒதுக்கப்பட்டவனின் டிகிரியை, 'இது இல்லாவிட்டால் நீ ஒதுக்கப்பட்டவன்' என்று சொல்லி விற்பதைவிடக் கேவலம் உண்டா?

கதவடைக்கிறவன் என்று என்னை லாட்ஜில் சொல்கிறார்கள். கதவடைப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும். பிரசன்ன குமார் தத் என்ற வங்காள வியாபாரி 1863-ல் இதே கல்கத்தாவில் சேர விண்ணப்பித்தார். வெள்ளைக்காரப் பெரியவர்கள் இழுத்தடித்தார்கள், இந்துவுக்கு ஒரே கடவுள் உண்டா என்றெல்லாம் தர்க்கம். 1872-ல்தான் உள்ளே விட்டார்கள். ஒன்பது வருடம். நம் திருச்சியிலோ அதற்குச் சுமார் நூறு வருடம் முன்பே, 1770-களில், ஆற்காடு நவாப்பின் மகன் உம்தத்துல் உம்ராவை மேசனாக்கி, இங்கிலாந்திலிருந்து ஏப்ரன் அனுப்பி மரியாதை செய்தார்கள். நவாப் மகனுக்கு வரவேற்பு, வியாபாரிக்கு வழக்கு. அது கதவடைப்பு. நான் தம்பியிடம் சொன்னது, ஒரு வருடம் மூன்றாவது படியிலேயே உட்கார் என்பது. லாட்ஜில் நாற்காலி போடு, இறந்தவர் வீட்டுக்குப் போ, வயதானவர்களை டாக்ஸி ஏற்றி அனுப்பு, அந்தப் பாடத்தை மனப்பாடம் செய். என்னிடம் ஐந்து வருடம் சொன்னதை அவனிடம் ஒரு வருடமாகக் குறைத்திருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள் என்று தெரியும். போட்டும் இருக்கலாம். அது அவர்கள் குறி.

லேக் மார்க்கெட் நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில்: மூணு போதும். நாலாவது எனக்குப் பிடித்தது. இரண்டும் நிஜம்தான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். மார்க் ஃபாரம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, கிழித்துப் போடவில்லை. அடுத்த தையில் வந்து கேள், உட்கார்ந்து பேசுவோம். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாங்க. அண்ணி வத்தக்குழம்பு வைக்கிறார். லாட்ஜ் பேச்சு எடுக்கமாட்டேன், எடுத்தால் அண்ணி பந்தியிலிருந்தே எழுப்பிவிடுவார் :-)

பி.கு: குண்டான் திரும்பப் பரணுக்குப் போகவில்லை. அதில்தான் இப்போது அரிசி வைத்திருக்கிறோம்.